நம் கரைவலைச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் போட்டிகளும் கண் மருத்துவ முகாமும் வழக்கம்போல நடந்தன. ஐஸ் பெட்டி வாங்கும் தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.

மாசியில் நம் கரைவலையில் திமிங்கலச் சுறா பட்டதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வலையின் பை போன்ற மடி கரையை நெருங்கும்போதுதான் முதுகுப் புள்ளிகள் தெரிந்தன. இருபது அடிக்கு மேல் இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. செவுளில் வலை இறுகியிருந்தது. வாலில் கயிறு போட்டு இழுக்கலாம் என்று சிலர் வந்தார்கள். அப்படி இழுத்தால் கடலுக்குள் போயும் பிழைக்காது என்று தடுத்தோம். வலைக்காரரே கத்தியை எடுத்து மடியை நீளவாக்கில் அறுத்தார். பத்துப் பேர் சேர்ந்து தலையைக் கடல் பக்கம் திருப்பினோம். கழுத்தளவு ஆழத்தில் ஒரே ஒரு முறை வாலை வீசியது. போய்விட்டது.

2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், சேர்ந்த மீன் இது. அறுத்து விற்றால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. ஆனால் வலைக்காரர் அந்தப் பயத்தில் வலையை அறுக்கவில்லை. "இது குட்டி போடும் பருவத்துக்கு வரவே இருபத்தஞ்சு முப்பது வருசம் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். நான் சொன்னது ஐப்பசியில் நடத்திய விழிப்புணர்வுக் கூட்டத்தில். அதற்கு வந்தவர்கள் பதினான்கு பேர். அவர் அதில் ஒருவர்.

மறுநாள் வலையைப் பார்த்தேன். ஒரு ஆள் நுழையும் கிழிசல். பன்னிரண்டு நாள் தொழில் இல்லை. கூட இழுக்கும் குடும்பங்களுக்கும் பங்கு இல்லை.

குஜராத்தில் வேராவல் பக்கம் ஈரல் எண்ணெய்க்கும் இறைச்சிக்கும் இதை வேட்டையாடியவர்களே, 2004-இல் தொடங்கிய பிரசாரத்துக்குப் பிறகு வலையை அறுத்து விடுகிறார்கள். அங்கே அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. அதைப் பார்த்துத்தான் நம் 'வலை நிதி'யை முன்மொழிந்தேன். ஆளுக்கு மாதம் இருபது ரூபாய். போன பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கினோம். கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. வீட்டுக்கே வந்து கேட்டபோது 'அப்புறம் பார்க்கலாம்' என்றவர்களை இங்கே சொல்லப்போவதில்லை. வலைக்காரருக்கு நாம் கொடுத்தது நூலுக்குக்கூடப் போதவில்லை. மீதியை அவர் வட்டிக்கு வாங்கினார். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. தலைவருக்கும், கூடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், அன்று தண்ணீரில் இறங்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டும் நானே செயலாளரா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். யார் வந்தாலும் வலை நிதியை விட்டுவிட வேண்டாம். அடுத்த மாசியில் இன்னொரு மீன் வந்தால், கத்தியை எடுப்பவர் நம்மை நம்பித்தான் எடுப்பார். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்தும் ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்