கரையோரப் படம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிறகு விலகின என்னும் கண்டப்பெயர்ச்சி குறித்துத் தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தென் அமெரிக்கக் கரையும் ஆப்பிரிக்கக் கரையும் பொருந்துவதைப் படத்தோடு நன்றாக விளக்கியிருந்தீர்கள். புதைபடிவங்களுக்கோ ஒரே ஒரு வரி! கரைகள் பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். புதைபடிவங்களை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது.

நாக்கு வடிவம், நடுவில் தடித்த நரம்பு, இருபுறமும் வலைபோல் பின்னிய நுண்நரம்புகள். இதுதான் குளோசோப்டெரிஸ் இலை. 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இந்த இலை தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கிறது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஏன், பனி மூடிய அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உயிரிழந்த பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினர், நடக்கவே தெம்பில்லாத நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோ பாறைகளைக் கைவிடாமல் இழுத்து வந்தார்கள். அவற்றில் இந்த இலையின் பதிவும் இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஜெர்மன் அறிவியலாளர் வெகனர், கண்டங்கள் நகர்கின்றன என்ற தம் கருத்தை முதன்முதலாக மேடையில் வைத்தார்.

ஒரே உயிரினம் பல கண்டங்களில் பரவக் காரணம் கண்டங்களுக்கிடையே இருந்த நிலப்பாலங்களே, அவை பிறகு கடலில் மூழ்கிவிட்டன என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். கண்டப் பாறை கடலடிப் பாறையைவிட லேசானது, அது எப்படி மூழ்கும் என்று திருப்பிக் கேட்டார் வெகனர். பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்கப் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டுமே கிடைக்கும் மீசோசாரஸ் என்ற சிறு ஊர்வனத்தையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஆந்திர எல்லையில் எங்கள் சத்தியவேடு வட்டாரத்துப் பாறைகள், இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்த காலத்தில் கிழக்குக் கரையில் உண்டான பள்ளத்தில் படிந்தவை. இப்பாறைத் தொகுதியில் டைலோபில்லம் என்ற பழஞ்செடியின் பதிவுகள் உண்டு. களிப்பாறையைப் பக்குவமாகப் பிளந்தால், நடுக்காம்பின் இருபுறமும் சீப்புப் பல்லாகச் சிற்றிலைகள் தெரியும். இச்செடி உலகெங்கும் பரவலாகக் கிடைப்பதால் கண்டப்பெயர்ச்சிக்குத் தனியொரு சான்றாக நிற்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கல்லுக்குள் இலை எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகள் சொந்த மண்ணிலேயே பார்க்கலாம் அல்லவா? கிணறு வெட்டும்போது வெளிவரும் இக்கற்கள் பள்ளம் நிரப்பவே போகின்றன. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

இங்கே தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடநூலைத் தாண்டிக் கிடைப்பது தங்கள் மாணவர் பக்கம் போன்றவைதான். அடுத்த வாரமே குளோசோப்டெரிஸ், டைலோபில்லம் படங்களை அருகருகே, பெரிதாக, நரம்பு தெரிய அச்சிடுங்கள். வகுப்புச் சுவரில் ஒட்டிவைப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
சத்தியவேடு.