எடைக்கு வாங்குவதா, அருமைக்கு வாங்குவதா?

அன்புள்ள கஸ்தூரி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில் கண் கலங்கிவிட்டது. திவ்யாவுக்கு வேலை நிரந்தரமானதில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம் என்று அவளிடம் சொல். எனக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. கண்புரை எடுத்தாகிவிட்டது. அப்பாவின் நாணயப் பெட்டியை நேற்று திறந்தேன். விளிம்பில் உள்ள வரிகளைப் பூதக்கண்ணாடி இல்லாமலே எண்ண முடிகிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை வெள்ளியில் போடலாம் என்று நினைக்கிறாய். புல்லியன் நாணயமா, சேகரிப்பு நாணயமா என்று கேட்டிருக்கிறாய். நான் இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: முதலில் எடைக்கு வாங்கு. அருமைக்கு வாங்குவதைக் கண் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அதையும் வேறு பணத்தில் செய்.

புல்லியன் என்றால் அதில் இருக்கும் உலோகத்துக்காக வாங்குவது, அவ்வளவுதான். அமெரிக்காவின் சில்வர் ஈகிள் 1986-இல் வந்தது, கனடாவின் மேப்பிள் லீஃப் 1988-இல், ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக் 2008-இல். எல்லாமே ஒரு டிராய் அவுன்ஸ் சுத்த வெள்ளி, அதாவது 31.1 கிராம். ஈகிளும் ஃபில்ஹார்மோனிக்கும் 999 மாற்று, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. மேப்பிள் 9999, பத்தாயிரத்தில் 9999 பங்கு. நாணயத்தில் போட்டிருக்கும் முகமதிப்பைப் பார்த்து ஏமாறாதே. ஈகிளில் 1 டாலர் என்றும் மேப்பிளில் 5 டாலர் என்றும் இருக்கும். அதற்கும் வெள்ளியின் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. மாற்றில் மட்டும் ஒரு விஷயத்தை நினைவில் வை. பிரிட்டனின் பிரிட்டானியா 2012 வரை 958 மாற்றுதான், 2013 முதல்தான் 999. ஒரே பெயர், ஒரே உருவம், ஆனால் பழையதும் புதியதும் ஒரே உலோகம் இல்லை.

நகைக்குச் செய்கூலி கொடுப்பதுபோல நாணயத்துக்கும் உலோக விலைக்கு மேல் ஒரு தொகை கொடுக்கவேண்டும். பிரீமியம் என்பார்கள். புல்லியனில் அது குறைவு, சேகரிப்பு நாணயத்தில் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பிரீமியம் விற்கும்போது திரும்பி வருமா என்பதைத்தான் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. நீ கணக்குப் பார்த்தே வாழ்ந்தவள், ஒரு சின்னக் கணக்குப் போடு. ஒரு நாணயத்தில் 100 பங்கு மதிப்புள்ள வெள்ளி இருக்கிறது. அதை 110-க்கு வாங்குகிறாய். கடைக்காரர் உன்னிடமிருந்து திரும்ப வாங்கும்போது 98 தருகிறார். வெள்ளி விலை ஏறக்குறைய 12 சதவீதம் ஏறினால் உன் முதல் மீண்டுவிடும். அதே 100 பங்கு வெள்ளியில் வண்ணப் படம் அச்சடித்து, வெல்வெட் பெட்டியில் வைத்து 250-க்கு விற்கிறார்கள் என்று வை. திரும்ப வாங்குபவர் படத்துக்கு ஒன்றும் தரவில்லை என்றால், வெள்ளி விலை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிய பிறகுதான் போட்ட பணத்தையே நீ பார்க்க முடியும்.

இந்த 250 என் சொந்தக் கதை. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், ஒரு விற்பனையாளரிடம் பறவைப் படம் போட்ட வண்ண நாணயங்கள் ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட சான்றிதழ் இருந்தது, "குறைந்த எண்ணிக்கை வெளியீடு" என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது. நாலு வருடம் கழித்து, அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவசரமாகப் பணம் தேவைப்பட்டு விற்கப் போனேன். எடுத்துப் பார்த்தவர் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து ஆறையும் எடுத்து ஒன்றாகத் தராசில் வைத்தார். அந்தத் தட்டில் என் பறவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. போட்டதில் பாதிகூட வரவில்லை. நாணயச்சாலை குறைவாக அச்சடித்தால் மட்டும் அது அரிதாகிவிடாது. அதைத் தேடி வருகிற ஆட்கள் இருப்பதைவிட அதிகமாக இருக்கவேண்டும். வேண்டுவோர் ஆயிரம் பேர் இருந்தால் ஐயாயிரம் நாணயமே அதிகம்தான். இந்த வகை நாணயத்தில் மட்டும் நீ பணம் போடுவதை நான் பார்க்கக்கூடாது, கஸ்தூரி. அது எடைக்கும் நிற்காது, அருமைக்கும் நிற்காது.

அதற்காகச் சேகரிப்பு நாணயமே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. 1995-இல் சில்வர் ஈகிளின் ப்ரூஃப் நாணயம் ஒன்றை W என்ற அச்சுக்குறியோடு வெளியிட்டார்கள். அச்சுக்குறி என்பது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து. ப்ரூஃப் என்றால் மெருகேற்றிய அச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்தி எடுப்பது, கண்ணாடிபோல் பளபளக்கும். தங்க நாணயத் தொகுப்பு வாங்கியவர்களுக்குத்தான் அது கிடைத்தது. மொத்தம் 30,125. அதே வருடத்துச் சாதாரண ஈகிள் 46 லட்சத்துக்கும் மேல். இரண்டிலும் ஒரே ஒரு அவுன்ஸ் வெள்ளிதான், ஆனால் அந்த W உள்ளதன் விலை வேறு உயரத்தில் நிற்கிறது. காரணம், ஈகிளை வருடவாரியாகச் சேர்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் வரிசை முடிய அந்த ஒன்று வேண்டும்.

ஆனால் அருமை என்பது கெட்டியான தரை இல்லை. மார்கன் டாலர் என்பது அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர். நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் 1903-இல் அடித்த மார்கனின் கதையைக் கேள். அடித்ததென்னவோ 44 லட்சத்துக்கும் மேல். 1918-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்து 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டார்கள். அந்த 1903 நாணயமும் அதில் போய்விட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். புதிதாக இருக்கும் ஒன்று கிடைத்தால் யானை விலை. 1962-இல் அரசாங்கப் பெட்டகத்திலிருந்து அதே நாணயம் மூட்டை மூட்டையாக வெளியே வந்தது. விலை அப்படியே சரிந்தது. அதை அரிது என்று நம்பி வாங்கியவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பெட்டகத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வெள்ளியின் விலையும் சாதுவானதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. அமெரிக்க எண்ணெய்க் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியைக் குவித்து வைத்ததுதான் பெரிய காரணம். அதே வருடம் மார்ச் 27 அன்று 11 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. மறுபடி 50-ஐ நெருங்க 2011 ஏப்ரல் வரை ஆயிற்று. உச்சியில் வாங்கியவர்கள் 31 வருடம் காத்திருந்தார்கள், அதுவும் வட்டி ஒரு காசு இல்லாமல். அதனால் மருந்துக்கும் அவசரத்துக்கும் ஒதுக்கிய பணத்தைத் தொடாதே. மீதியிலும் ஒரு சிறு பங்கு போதும். ஒரே நாளில் வாங்காமல் மாதம் இரண்டு மூன்றாக வாங்கு.

எந்தப் புல்லியன் என்று கேட்பாய். உன் பக்கத்தில் எதை இரண்டு மூன்று பேராவது திரும்ப வாங்குகிறார்களோ அது. வாங்கும் முன் "இன்றே இதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன தருவீர்கள்?" என்று கேள். அதற்குத் தயங்குகிற கடையில் வாங்காதே. பொதுவாக ஈகிளுக்குப் பிரீமியம் கொஞ்சம் கூடுதல், மேப்பிளும் ஃபில்ஹார்மோனிக்கும் சற்றுக் குறைவு. மேப்பிளில் சில சமயம் பால் சிந்தியதுபோல வெள்ளைத் திட்டு வரும். எடைக்கு வாங்கியவளுக்கு அதனால் நஷ்டமில்லை.

போலி பற்றிப் பயப்படுகிறாய் என்று தெரிகிறது. காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பா என்பது மட்டும்தான் தெரியும். செம்பும் ஈயமும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. நான் செய்வது வேறு. சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிக்கொள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி இறக்கு. அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி என்றால் தராசு 3 கிராமுக்கு ஒரு துளி குறைவாக, 2.96 அளவில் காட்டும். 31.1 கிராமை அந்த எண்ணால் வகுத்தால் சுமார் 10.5 வரும். அதுதான் வெள்ளியின் அடர்த்தி. செம்பில் முலாம் பூசியிருந்தால் தராசு காட்டும் எண் கூடிவிடும். இதற்கு முன் மொத்த எடையையும் விட்டத்தையும் பார்த்துவிடு. முதல் தடவை செய்தபோது எனக்குக் கை நடுங்கியது, இப்போது இரண்டு நிமிட வேலை.

சேகரிப்பு நாணயத்தில் இந்தச் சோதனை உன்னைக் காப்பாற்றாது. மார்கன் டாலரில் 1893-இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது வெறும் ஒரு லட்சம். பின்பக்கத்தில் S என்ற சின்ன எழுத்து இருக்கும். அதே வருடம் ஃபிலடெல்ஃபியாவில் அடித்ததில் எழுத்து இல்லை, விலையும் வெகு குறைவு. அதில் S-ஐ ஒட்டி விற்கிறவர்கள் உண்டு. வெள்ளி அசல், எடை அசல், அந்த ஒரு எழுத்துதான் பொய். தரமும் அப்படித்தான். 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுவார்கள். 63-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம் உன் கண்ணுக்கோ என் கண்ணுக்கோ எளிதில் தெரியாது, விலையிலோ பல மடங்கு தெரியும். அதனால்தான் கண் பழகட்டும் என்கிறேன். அந்த நிலைக்கு வந்தபின் வாங்கினாலும், பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி தரச்சான்று நிறுவனங்கள் மூடி முத்திரையிட்டதை மட்டும் வாங்கு. உறையில் உள்ள எண்ணை அவர்களுடைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு. 1965-க்கு முன் அமெரிக்காவில் புழங்கிய பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்கள் 90 சதவீதம் வெள்ளி. தேய்ந்துபோன 1921 மார்கனும் அப்படியே. அடித்தபோது அதன் எடை 26.73 கிராம், வெள்ளி 24 கிராம். இவை உலோக விலையை ஒட்டியே கைமாறும், ஆனால் எத்தனையோ பேர் பையில் கிடந்து தேய்ந்தவை. உனக்குப் பழசைத் தொட்டுப் பார்க்கிற ஆசை உண்டு என்று எனக்குத் தெரியும். அந்த ஆசைக்கு இது போதும்.

கடைசியாக, உன் மாமியாரின் பெட்டியில் கிடைத்தது என்று எழுதியிருந்தாயே, அந்தக் கறுத்த நாணயம். அதைத்தான் படித்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா கப்பல் வேலையில் இருந்தபோது கொண்டுவந்த நாணயங்களில் ஒன்று நீலமும் ஊதாவுமாய் நிறம் ஏறிக் கிடந்தது. அவர் இறந்த பிறகு, பளபளவென்று இருக்கட்டுமே என்று சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. பிறகு ஒரு பெரியவர் அதை விளக்குக்கு அடியில் சாய்த்துக் காட்டினார். முகம் முழுக்க மயிரிழை போன்ற கீறல்கள். "நிறத்தோடு இருந்திருந்தால் நானே வாங்கியிருப்பேன் அம்மா" என்றார். நாற்பது வருடம் அப்பா அதைத் துடைக்காமல் வைத்திருந்தார். அவருக்குக் காரணம் தெரிந்திருக்கிறது, நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் வரும்போது தராசும் நூலும் கொண்டுவருகிறேன். அதுவரை அந்த நாணயத்தைக் கழுவாதே, துணியால்கூடத் துடைக்காதே. விளிம்பைப் பிடித்து எடுத்து ஒரு காகித உறையில் போட்டு வை. மெதுமெதுப்பான பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து பச்சைப் பசை கசிந்து நாணயத்தில் படியும். திவ்யாவிடம் சொல்லி இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல். எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அன்பு
வசந்தா