தோட்டக் கடிதம் இல்லாத மாட்டுக்கும் உதவித்தொகை கொடுங்கள்

மதிப்பிற்குரிய கால்நடை நிவாரணப் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வெள்ளத்தில் மாடு, ஆடு இழந்தவர்களுக்கு நீங்கள் அறிவித்த அவசர உதவித்தொகை பற்றி எழுதுகிறேன். எங்கள் ஜொகூர் தோட்டப்புறத்திலிருந்து போன விண்ணப்பப் பாரங்கள் ஏன் திரும்பி வந்தன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருப்பியவர்களே நீங்கள்தான். ‘மேய்ச்சல் நில உரிமையாளரின் அனுமதிக் கடிதம் இணைக்கப்படவில்லை.’ எல்லாவற்றிலும் இதே வரி.

அந்தக் கடிதத்தை யார் கொடுப்பார்கள், ஐயா? ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னாலேயே மாட்டுப்பட்டி இருந்தது. செம்பனை வந்தது, தோட்டம் கைமாறியது, லயத்தை இடித்தார்கள். மாடு மட்டும் மிஞ்சியது. செம்பனைக்கு நடுவே மாடு மேய்ந்தால் களைக்கொல்லிச் செலவு மிச்சம் என்று மானேஜருக்கும் தெரியும். இளங்கன்று நட்ட பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று வாயால் சொல்லுவார். எழுதித் தாருங்கள் என்றால் மேலிடத்தில் கேட்பார்கள் என்பார். எழுதிவிட்டால் நாளைக்கு நாங்கள் நிலத்துக்கே உரிமை கொண்டாடுவோமாம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஏழு மாடு இருந்தது. நான்கை வெள்ளம் கொண்டுபோனது, அதில் இரண்டு சினை. செத்த மாடுகளைப் புதைக்கக் குழி வெட்டியது தோட்டத்து இயந்திரம்தான். அதே தோட்ட ஆபீசுக்குப் பாரத்தோடு போய் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிராணி குடிக்கத் தண்ணீர் கொடுத்து, மானேஜர் வெளியே போயிருக்கிறார் என்றாராம். மானேஜரின் கார் வாசலிலேயே நின்றது. மிச்சமிருக்கும் மூன்றுக்குத் தவிடும் புண்ணாக்கும் வாங்க, போன வாரம் தோட்டைக் கழற்றி அடகுக்கடையில் வைத்துவிட்டார். மாட்டின் காதில் அரசாங்கத்தின் எண் வில்லை தொங்குகிறது. பாட்டியின் காதில் ஈர்க்குச்சி.

அந்த வில்லையை மாட்டியது யார்? கோமாரிக்கு ஊசி போட்டது யார்? அரசாங்க ஆட்கள்தானே. ஊசி போட வந்த அன்று இது யார் நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாடு எங்கே நின்றது, யார் பிடித்துக் கொடுத்தார் என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். எங்கள் கோரிக்கை இதுதான்: தோட்டக் கடிதத்துக்குப் பதிலாக அந்தப் பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கெமாஸ் மாட்டுப்பண்ணைத் திட்டத்துக்கு 250 மில்லியன் ரிங்கிட் கடன் ஒதுக்கிய நாடு இது. வளர்ப்பதாகச் சொன்ன எண்ணிக்கையை அது எட்டவில்லை என்று 2010ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சொன்னது. முட்டைக்குக்கூட ஒன்றுக்கு 10 சென் வரை மானியம் கொடுத்து, 2025 ஆகஸ்டில்தான் நிறுத்தினீர்கள். கோழியிடம் யாரும் நிலக் கடிதம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் மாடுகளோடு படம் எடுத்துக்கொள்ள வரும் பெருமக்களும் கடிதம் கேட்பதில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, திருப்பிய பாரங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஊசிப் பதிவு போதாது என்றால் வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவின் கையெழுத்தும் வாங்கித் தருகிறோம், அவர் எங்களைப் பார்த்து ஒளிபவர் இல்லை. தோட்டக் கடிதத்தை மட்டும் கேட்காதீர்கள். அடகுச் சீட்டு கெடு தாண்டுவதற்குள் பணம் பாட்டி கைக்கு வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மாடு வளர்க்கும் தோட்டத்து ஜனங்கள் சார்பில் ஒருவன்