வாரம் ஒரு நாள் மாத்திரை

அன்புள்ள மீனா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. மகன் பார்மசி படிக்க விரும்புவதாக எழுதியிருந்தாய்.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, முடக்குவாதத்துக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெரியவருக்கு மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூன்று மாத்திரை என்று சீட்டில் தெளிவாகவே இருந்தது. உறையின் மேல் நான் எழுதியதோ 'தினமும் 3'. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று டாக்டர் சொன்னாரே, அம்மா?" என்று கேட்டார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. தினமும் விழுங்கியிருந்தால் முதலில் வாய்ப்புண் வந்திருக்கும். பிறகு எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்குவது குறைந்து, ஒரு சாதாரணக் காய்ச்சலே அவர் உயிரைக் கொண்டுபோயிருக்கும். இதே தவறால் பல நாடுகளில் நோயாளிகள் இறந்திருக்கிறார்கள் என்று நாம் படித்தவர்கள்தானே.

தவறு என்னுடையது, மறுக்கவில்லை. ஆனால் அப்போது நான் ஒன்பது மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். உடன் இருக்க வேண்டியவள் விடுப்பில் போயிருந்தாள். உறையில் எழுதிய அந்த அரை நிமிடத்தில் தொலைபேசி இரண்டு முறை அடித்தது. அதற்குச் சற்று முன்புதான் ஒருவர் கவுண்டர் கண்ணாடியைத் தட்டிக் கத்திவிட்டுப் போயிருந்தார். மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனிமேல் கவனமாக இருங்கள்" என்றார். கவனம் என்ன, அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருளா?

அமெரிக்காவில் 'லோசெக்' என்ற வயிற்று மருந்தை, நீர் பிரியக் கொடுக்கும் 'லாசிக்ஸ்' என்று மாற்றி எடுத்துக் கொடுத்தபோது, கண்ணைத் திறந்து படியுங்கள் என்று மருந்தாளுநர்களைக் கண்டித்ததோடு விட்டுவிடவில்லை. 1990-ல் அந்த மருந்தின் பெயரையே 'பிரிலோசெக்' என்று மாற்றினார்கள். மருந்துத் தவறுகளால் வரும் கடுமையான பாதிப்புகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனம் இலக்கு வைத்தபோதும், தனி ஆளைத் திட்டுவதைவிட வேலை நடக்கும் முறையைத் திருத்துவதையே வலியுறுத்தியது. நோயாளியின் பாதுகாப்பையும் ஊழியரின் நலனையும் கல்லூரியில் நமக்கு இரண்டு பாடங்களாக நடத்தினார்கள். உட்கார நேரமில்லாதவள் கையிலிருந்து போகும் மருந்தை நம்பி ஒருவர் எப்படி விழுங்குவார், மீனா?

இப்போது மெத்தோட்ரெக்சேட் உறையில் கிழமையின் பெயரைப் பெரிதாக எழுதுகிறேன், வாங்குபவரையே அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். சரிபார்க்கும் நேரத்தில் தொலைபேசியை வேறொருவர் எடுக்க வேண்டும், இந்த மருந்தை இரண்டாவது ஆள் பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். உங்கள் மருத்துவமனையில் யார் பெயரும் எழுதாமல் இப்படிப்பட்ட தவறுகளைப் பதியும் நோட்டு ஒன்று இருப்பதாகச் சொன்னாயே, அதன் வெற்றுப் பக்கம் ஒன்றை நகலெடுத்து உடனே அனுப்பு. திங்கட்கிழமை மேலாளரைப் பார்க்கும்போது அது என் கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
கலா