நீ அனுப்பிய மாத்திரை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மாத்திரை டப்பா வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன், ஆனால் ஒன்றுகூடப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம்' என்றிருக்கிறது. கேரட்டில் இருக்கிற சத்து; உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. கண்ணுக்கான மாத்திரையில் இவ்வளவு சின்ன எழுத்தா! 2001-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின் பழைய கலவை அது. மாக்குலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோய், என்னைப்போல் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு, நோய் முற்றும் வாய்ப்பை ஏறக்குறைய கால் பங்கு குறைத்தது. நல்ல மருந்துதான். ஆனால் புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடும் என்பது 1990-களிலேயே தெரிந்துவிட்டது. 2013-இல் வந்த அடுத்த ஆய்வில், அதைச் சாப்பிட்டுப் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டை விட்டவர்கள். நான் விட்டு 12 வருடம் ஆனாலும் அந்தக் கணக்கில்தான் வருகிறேன். என் சிகரெட் பெட்டியை நீ எத்தனை தடவை ஒளித்து வைத்திருப்பாய்!

அந்த ஆய்வில் பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டீன் 10 மில்லிகிராமும் ஸியாசாந்தின் 2 மில்லிகிராமும் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் அதுதான். சாப்பாட்டில் கரோட்டினாய்டு என்கிற நிறச்சத்துகள் எத்தனையோ இருந்தாலும் மாக்குலாவில் போய்ச் சேர்ந்து தங்குபவை இவை இரண்டும், லூட்டீனிலிருந்து கண்ணே செய்துகொள்ளும் இன்னொன்றும்தான். மூன்றும் மஞ்சள் நிறமிகள். நீல ஒளியை விழித்திரையின் செல்களுக்குப் போகுமுன் உறிஞ்சிக்கொள்கின்றன. கண்ணுக்குள்ளேயே மாட்டிய மஞ்சள் கண்ணாடி என்று வைத்துக்கொள்.

முன்னெச்சரிக்கையாக நீயும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நல்ல கண்ணில் இந்த நோய் தொடங்காமல் அது தடுத்ததாக அந்த ஆய்வுகள் காட்டவில்லை. கண்புரை விஷயத்திலும் பெரிய பலன் இல்லை. உனக்குச் சாப்பாடே போதும். கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுகிறாயே, அதில் கொஞ்சம் எண்ணெய் விடு. இந்தச் சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும். முட்டையில் மஞ்சள் கருவை ஒதுக்குவதையும் நிறுத்து. லூட்டீன் இருப்பதே அதில்தான். அளவு குறைவு என்றாலும் சுலபமாகச் சேரும்.

அப்புறம், ஒரு பழைய பொய்யை ஒப்புக்கொள்கிறேன். கேரட் தின்றால் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று உன்னை ஏமாற்றினேன். வைட்டமின் ஏ குறைந்து மாலைக்கண் வந்தவர்களுக்குத்தான் அது கைகொடுக்கும். கண்ணாடியின் பவர் அதனால் குறையாது. ஆனாலும் சாப்பிடு. மாத்திரையில் பயப்படுகிற பீட்டா கரோட்டினுக்குக் கேரட்டில் பயப்பட வேண்டியதில்லை.

தினமும் காலையில் டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட அட்டையை, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கிறேன். இன்றும் கோடுகள் நேராகத்தான் இருந்தன. நெளிந்து தெரிந்தால் அன்றே ஓடி வரச் சொல்லியிருக்கிறார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்க ரசீது வேண்டுமாம். இருந்தால் அனுப்பி வை.

அப்பா