வேவர் பிழைத்திருந்தாலும்...

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜெர்மன் விமானப்படையின் திட்டங்களை வகுத்த தலைமைப் பணியகத்தின் தலைவர் வால்ட்டர் வேவர் 1936 விபத்தில் இறக்காமல் இருந்திருந்தால், நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் அணி அணியாகப் போய் யூரல் மலைப் பக்கத்து ரஷ்யத் தொழிற்சாலைகளை அழித்திருக்கும், போரின் போக்கே மாறியிருக்கும் என்று ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. பல காலமாகப் பலரும் சொல்லிவரும் கருத்துதான் இது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்காது.

விபத்தைப் பற்றிக் கட்டுரையில் விவரம் இல்லை. விமானத்தைத் தரையில் நிறுத்தும்போது, இறக்கை ஓரத்து அயிலரான் மடல்கள் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பூட்டிவைப்பார்கள். கிளம்பும் முன் அந்தப் பூட்டை எடுத்தே ஆக வேண்டும். 1936 ஜூன் 3 அன்று டிரெஸ்டனில், ஒரு இறுதிச் சடங்குக்காக பெர்லின் திரும்பும் அவசரத்தில், தானே ஓட்டிய ஹைங்கல் 70 விமானத்தில் வேவர் அதைக் கவனிக்கவில்லை. மேலே எழும்பியதும் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்வை நிமிர்த்த வேண்டிய மடல்கள் அசையவில்லை. அவரும் உடன் வந்த மெக்கானிக்கும் இறந்தார்கள்.

இப்போது அந்த ‘யூரல் விமானங்கள்’. அவற்றில் ஒன்றான டோர்னியர் 19, வேவர் இறந்து ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்து, 1936 அக்டோபர் கடைசியில்தான் முதலில் பறந்தது. வேகம் மணிக்குச் சுமார் 315 கிலோமீட்டர், பறக்கும் தூரம் சுமார் 1,600 கிலோமீட்டர். போய்த் திரும்ப வேண்டுமென்றால் அதில் பாதி, 800. அன்றைய ஜெர்மனியின் பகுதியான கிழக்கு பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கிலிருந்து மாஸ்கோவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். யூரல் அடிவாரத்து மாக்னிடோகோர்ஸ்க் 2,400-ஐத் தாண்டும். இந்த விமானத்தையும் அதற்குப் போட்டியான யுங்கர்ஸ் 89-ஐயும் 1937 ஏப்ரலில் கைவிட்டதைக் கட்டுரை பெரிய தவறாகக் காட்டுகிறது. ஆனால் இவற்றை மிஞ்சும் அடுத்த விமானத்துக்கான திட்டம் வேவர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அதில் பிறந்ததுதான் ஹைங்கல் 177.

உண்மையான சறுக்கல் அங்கேதான். காற்றின் தடையைக் குறைக்க, இரண்டு டைம்லர்-பென்ஸ் இன்ஜின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கியர்பெட்டியில் இணைத்து, ஒரே புரொப்பல்லரைச் சுழல வைத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் புகைபோக்கிக் குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு பழுக்கக் காய்ந்தன. மூடியின் அடியில் தேங்கிய எண்ணெயும் பெட்ரோலும் அந்தச் சூட்டில் பற்றிக்கொண்டன. நடுவில் தீத்தடுப்புச் சுவரும் கிடையாது. இது போதாதென்று, இவ்வளவு கனமான விமானம் கீழ்நோக்கிப் பாய்ந்து குண்டு போட வேண்டும் என்றும் ஒரு கட்டளை சேர்ந்தது. அதற்காக உடற்கட்டை வலுவாக்க, எடை இன்னும் கூடியது. 1942 செப்டம்பரில்தான் அந்தக் கட்டளையை நீக்கினார்கள்.

இதைத் தடுத்திருக்க வேண்டியது தொழில்நுட்பப் பிரிவு. அதன் தலைவராக இருந்த வில்ஹெல்ம் விம்மர் விஷயம் தெரிந்தவர். வேவர் இறந்த அதே மாதத்தில் அவரை மாற்றிவிட்டு விமானப்படையின் தலைமைத் தளபதி கோரிங் உட்கார வைத்தது எர்ன்ஸ்ட் உடெட்டை. முதல் உலகப் போரில் 62 விமானங்களை வீழ்த்திய அபார விமானி, ஆனால் மேசை வேலை அவருக்குச் சுத்தமாக ஒத்துவராது. பிற்பாடு இருபதுக்கும் மேற்பட்ட துறைகள் நேரடியாக அவர் கையில் குவிந்தன. 1941 நவம்பர் 17-இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். என் கருத்தில், ‘இப்படி நடந்திருந்தால்’ என்று கேட்க வேண்டிய இடம் விம்மரின் நாற்காலிதான்.

கோரிங் ஏன் அப்படிச் செய்தார்? விமான அமைச்சகத்தின் செயலாளரும் நிர்வாகத்தில் கெட்டிக்காரருமான எர்ஹார்ட் மில்ச் தன்னை மிஞ்சிவிடுவாரோ என்ற பயம். மில்ச்சின் தந்தை யூதர் என்று எழுந்த புகாரை அமுக்கியவரும் கோரிங்தான், ஆகவே மில்ச்சின் குடுமி அவர் கையில் இருந்தது. மில்ச்சிடமிருந்து அதிகாரத்தைப் பிய்த்து உடெட்டுக்கும் தலைமைப் பணியகத்துக்கும் பங்கு போட்டார். உடெட் போன பிறகு உற்பத்தி மில்ச் கைக்கு வந்தது. 1941-இல் 12,000-க்குச் சற்றுக் குறைவாக இருந்த ஆண்டு விமான உற்பத்தி 1944-இல் ஏறத்தாழ 40,000 ஆனது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் கட்டாய உழைப்பில் செத்து மடிந்த கைதிகள் இருக்கிறார்கள். அதற்காகவே 1947-இல் நியூரம்பெர்க்கில் மில்ச்சுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ‘முன்பே மில்ச்சிடம் விட்டிருந்தால்’ என்று கற்பனை செய்பவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தலைமைப் பணியகத்தில் வேவருக்குப் பின் கெஸ்ஸல்ரிங், ஸ்டும்ப், 1939 முதல் ஹான்ஸ் யெஷோனெக். வேவர் இருந்திருந்தால் நிச்சயம் வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று நான் நினைப்பது 1942 நவம்பரில்தான். ரஷ்யாவின் ஸ்டாலின்கிராடில் சிக்கிய ஜெர்மன் படைக்கு ஆகாய வழியே பொருள் அனுப்ப முடியும் என்று யெஷோனெக் ஹிட்லரிடம் சொல்லிவிட்டார். 250 கிலோ, 1,000 கிலோ என்று பெயரிட்ட உருளைகளை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். அவை அந்த எடைக் குண்டுகள் மாட்டும் கொக்கியில் பொருந்தும் என்பதற்காக வைத்த பெயர்கள். உள்ளே பிடிக்கும் சரக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். தவறு புரிந்து அவர் சொன்னபோது, ஹிட்லரிடம் அதைத் தெரிவிக்க கோரிங் மறுத்துவிட்டார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்ட இடத்தில் சராசரியாகச் சுமார் 100 டன்தான் போய்ச் சேர்ந்தது. பயிற்சிப் பள்ளிகளின் யுங்கர்ஸ் 52 சரக்கு விமானங்களையும் ஆசிரியர்களையும் பிடுங்கி அனுப்பியதால், புதிய விமானிகளின் பயிற்சியும் சீர்குலைந்தது. 1943 ஆகஸ்டில் யெஷோனெக்கும் தற்கொலை செய்துகொண்டார்.

சரி, விம்மர் நீடித்தார், இன்ஜின் கோளாறு தீர்ந்தது, கனரக விமானங்கள் அணிவகுத்தன என்றே வைத்துக்கொள்வோம். இது கற்பனையே அல்ல. 1944 கோடையில், தீப்பிடிக்கும் தொல்லை பெருமளவு குறைந்த ஏறக்குறைய 90 ஹைங்கல் 177-கள் கிழக்கு பிரஷ்யாவில் ஒன்றாகத் திரட்டப்பட்டு ரஷ்யப் போர்முனைக்கு எதிராகப் பறந்தன. ஆனால் அந்த மே 12 முதல் அமெரிக்க விமானங்கள் லோய்னா உள்ளிட்ட செயற்கை எண்ணெய் ஆலைகளைத் தாக்கத் தொடங்கியிருந்தன. ஏப்ரலில் சுமார் 1,75,000 டன்னாக இருந்த விமான எரிபொருள் உற்பத்தி செப்டம்பருக்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. சில வாரங்களில் அந்தப் படைப்பிரிவு முழுவதும் பெட்ரோல் இல்லாமல் தரையில் நின்றது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி