கொழுப்பு மெசினும் கல் கழிவும்: நடைக் குழு நிர்வாகிகளுக்கு ஒரு மடல்

காரைக்குடியில் நம் காலை நடைக் குழுவை நடத்தும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

ஏழு வருஷமாகக் குழுவில் இருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. வாட்ஸப்பில் எழுதினால் நாலு பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த காலை வணக்கப் படத்துக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் மடலாக எழுதுகிறேன், எல்லாரும் படிக்கட்டும்.

விஷயம், பொதுப்பணத்தில் வாங்கிய அந்தக் கொழுப்பு மெசின், அதாவது எடையோடு உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றும் காட்டுகிற மெசின். சித்திரையிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு தோறும், நடை முடிந்த கையோடு அத்தனை பேரையும் வெறுங்காலோடு அதில் ஏற்றுகிறீர்கள். வருகிற சதவீதத்தைப் பெயரோடு குழுவில் போடுகிறீர்கள். அதிகம் குறைத்தவருக்கு எவர்சில்வர் பாத்திரம் பரிசு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சதவீதத்தை எடை மாதிரி நம்புகிறீர்கள். அது கழிவு, அதாவது உத்தேசமாகக் கழித்துப் போடுகிற கணக்கு.

என் தொழிலை வைத்தே சொல்கிறேன். வங்கிகளில் நகைக் கடனுக்கு நகை மதிப்பிடுபவன் நான். கல் பதித்த அட்டிகை ஒன்று வருகிறது. தராசில் வைத்தால் மொத்த எடை தெரிந்துவிடும், அதில் சண்டை இல்லை. கல் எத்தனை கிராம், உள்ளே அரக்கு எவ்வளவு? நகையை உடைத்துப் பார்க்க முடியாது. கல்லின் அளவையும் எண்ணிக்கையையும் வேலைப்பாட்டையும் பார்த்து ஒரு கழிவு போடுவேன். மீதி நிகர எடை. கழிவு என் அனுபவம் சொல்வது, தராசு சொல்வதல்ல. அதே அட்டிகைக்கு இன்னொரு மதிப்பீட்டாளர் அரை கிராம் கூடவோ குறையவோ போடலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மெசினும் இதைத்தான் செய்கிறது. ஏறி நின்றதும் கிலோவை நேராக அளக்கிறது. அப்புறம் பாதத்துக்கு அடியில் உள்ள தகடுகள் வழியாக, நமக்குத் தெரியாத அளவில் சின்ன மின்னோட்டம் ஒன்றை விடுகிறது. வழக்கமாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, 50 கிலோஹெர்ட்ஸ். தசையில் நீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் சுலபமாக ஓடும். கொழுப்பில் நீர் குறைவு, அது தடுக்கும். கொழுப்பு நீங்கலான உடம்பில் சுமார் 73 சதவீதம் நீர் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தடையோடு எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கழிவு சொல்கிறது. சூத்திரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் இரண்டு மெசினில் ஏறினால் இரண்டு விதமாக வரும். எக்ஸ்ரே வைத்து உடம்புக் கொழுப்பை அளக்கிற டெக்ஸா ஸ்கேனோடு ஒப்பிட்டால் ஒரு தனி ஆளுக்கு நாலைந்து புள்ளி இப்படியோ அப்படியோ போவது சகஜம்.

இதில் இன்னொரு வேடிக்கை. மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. நமக்குக் கவலை தொப்பையில். மெசின் விசாரிப்பதோ கால்களை. வயிற்றைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் ஊகம்.

கொழுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்துப் போட்டார்கள். உயரத்துக்கு எடை எப்படி என்று சொல்கிற உடல் நிறை குறியீடு இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உள்ளே அளந்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உள்ளே கொழுப்பைச் சேர்த்து வைக்கிற உடம்பு நம்முடையது. நீங்கள் பயந்தது சரி, பிடித்த தராசுதான் சரியில்லை.

போன மாதம் பொருளாளரிடம் சொல்லிவிட்டு மெசினை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்கும். (நம் நடைபாதைக் கல்லின் மேல் அது ஆடுகிறதே, கவனித்தீர்களா? அங்கே எடையே சரியாக வராது.) காலையில் எழுந்ததும் ஏறினேன்: 29.4. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறினேன்: 26.8. இடையில் நான் செய்த ஒரே காரியம், பள்ளத்தூரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்க் கந்தரப்பம் வரைக்கும் ஒரு கை பார்த்ததுதான். படுத்து எழுந்த உடம்பில் நீர் பரவலாக இருக்கும். நாள் முழுக்க நின்று நடமாடினால் கால் பக்கம் இறங்கும், மின்சாரம் சுலபமாகப் போகும், மெசின் கொழுப்பு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

சரி, விளையாடிப் பார்ப்போம் என்று அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன். அரைக் கிலோ கூடியது, கொழுப்பும் கூடியது. தண்ணீரில் ஏது கொழுப்பு? மெசினோடு இணைந்த போன் செயலியில் என் வயதை 54இலிருந்து 34 ஆக்கினேன். இரண்டு புள்ளி இறங்கியது. கடைசியாக ‘விளையாட்டு வீரர்’ என்று மாற்றினேன், 20க்குக் கீழே போய்விட்டது. வீட்டில் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

இதற்குப் பிறகுதான் ஆனி மாதப் பரிசு ஞாபகம் வந்து பட்டியலைப் புரட்டினேன். வென்ற அண்ணனுக்கு முந்தின மாதம் உயரம் 158 செ.மீ. செயலியில் மறுபடி பதிந்தபோது அது 168 ஆகிவிட்டது. ஒரே மாதத்தில் பத்து சென்டிமீட்டர் வளர்ந்தவருக்குக் கொழுப்பு குறையாமல் என்ன செய்யும்? அவர் மேல் தப்பில்லை. பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள்.

நடை முடிந்ததும் அளப்பது எல்லாவற்றையும் விட மோசம். சூடான உடம்பும் வேர்த்த பாதமும் கணக்கை ஒரு பக்கம் இழுக்கும், வேர்வையில் போன நீர் மறுபக்கம் இழுக்கும். யாருக்கு எது ஜெயிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நம் எல்லாருக்கும் முன்னால் போகிற ஆச்சி ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு எத்தனையோ வருஷம் வெறுங்காலோடு நடந்தவர். பாதம் முழுக்கத் தோல் தடித்து, பித்தவெடிப்பு. காய்ந்து தடித்த தோலும் மின்சாரத்தைத் தடுக்கும். அதைத் தோல் என்று மெசின் கண்டுபிடிக்காது. 41 என்று பெயரோடு போட்டீர்கள், பக்கத்தில் அழுகிற பொம்மை வேறு. ஆச்சி ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். மூன்றாம் வாரம் கொப்புடையம்மன் கோயில் வாசலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து நடைக்கும் வருவதில்லை. நாற்பத்தெட்டு கிலோ இருக்கிற மனுஷி.

அப்புறம், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நம் குழுவில் இரண்டு பேர். இந்த மெசினில் அவர்கள் ஏறவே கூடாது. பெட்டியோடு வந்த தாளிலேயே அச்சடித்திருக்கிறது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். மற்றதையெல்லாம் கூட்டத்தில் வைத்துப் பேசிக்கொள்ளலாம். இதை மட்டும் இன்றைக்கே அறிவித்துவிடுங்கள்.

மெசினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, காசு போட்டாயிற்று. வேண்டியவர் வாரம் ஒருவராக வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன், ஈரத்துணியால் துடைத்த பாதத்தோடு ஏறட்டும். ஒரு வாரக் கணக்கைச் சராசரி போட்டு, அடுத்த முறை தன் முறை வரும்போது அதோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளட்டும். ஒரே ஆள், ஒரே மெசின், ஒரே நேரம் என்றால் தப்பும் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட அதில் எதுவும் இல்லை. யார் அட்டிகையில் கல் குறைவு என்று நாங்கள் போட்டி வைப்பதில்லை.

பட்டியலையும் பரிசையும் நிறுத்துங்கள். பழைய பட்டியல்களை அழித்துவிடுங்கள். அளந்தே ஆகவேண்டும் என்றால் தையல்காரர் இன்ச் டேப் போதும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. டேப்புக்கு வயதும் தெரியாது, உயரமும் தெரியாது, பித்தவெடிப்பும் தெரியாது. எனக்கு 97. இதை நானாகத்தான் சொல்கிறேன், பட்டியலில் போட அனுமதி இல்லை.

நேற்று ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். “அந்த மெசின் இருக்கிற பக்கம் நான் வரமாட்டேன்ப்பா” என்றார். வருகிற ஞாயிறு அது உங்கள் காரிலேயே இருக்கட்டும். ஐந்தரைக்கு நான் அவரைக் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
குழுவில் கடைசியாக நடந்து வருகிற நகை மதிப்பீட்டாளன்